உதைத்தால் மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கோவிலுக்குப் புறப்பட்ட மனைவி, அர்ச்சனைத் தட்டுடன் காத்திருக்கிறாள்.

கணவர் உதைக்கிறார். மீண்டும் உதைக்கிறார். சட்டை நனைந்து விட்டது. "புஸ்... புஸ்..." என்று மூச்சு வருகிறதே தவிர, "டப்" என்று ஒரு சத்தம் இல்லை!

"இந்தப் பழைய இரும்பை விற்றுத் தொலையுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?" என்கிறாள் மனைவி.

அவர் பதில் பேசவில்லை. அது அவருடைய அப்பா ஓட்டிய வண்டி.

பல வீடுகளில் நடப்பது இதுதான். பழைய வண்டிகள் கெட்டுப் போவதால் மட்டும் காயலான் கடைக்குப் போவதில்லை. குறை எங்கே இருக்கிறது என்று தெரியாததாலும் போகின்றன. இதைத் தவிர்க்க முடியும். தவிர்க்கவும் வேண்டும்.

திருவொற்றியூர் வண்டி

1955-ம் ஆண்டு என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. அங்கிருந்து வந்த புல்லட்டுகள் ராணுவத்துக்கும் போலீசுக்கும் உழைத்தன. பிறகு குடும்பங்களையும் சுமந்தன.

அதன் எஞ்சினுக்குத் தண்ணீர் தேவை இல்லை. எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். ஓடும்போது வீசும் காற்றே அதன் சூட்டைத் தணிக்கும்.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், நெருப்புப் பொறி. மூன்றில் அடிக்கடி தகராறு செய்வது பொறிதான்!

பொறி எப்படிப் பிறக்கிறது?

பாட்டரியில் இருப்பது 6 வோல்ட் அல்லது 12 வோல்ட். அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது "காயில்". "பாயிண்ட்" என்பது இரண்டு சின்ன உலோக முனைகள். அவை சேர்ந்திருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். அவை பிரியும் அந்த நொடியில், பிளக்கின் முனையில் பொறி பறக்கும். பாயிண்ட் தீய்ந்து போகாமல் காப்பது "கண்டென்சர்".

கதை இவ்வளவுதான். பாட்டரி, வயர், பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக். இந்த வரிசையில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது என்ன நியாயம்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகி விடாதா?

முள் சொல்லும் சேதி

பழைய புல்லட்டின் விளக்குத் தலையில் "அம்மீட்டர்" என்ற சிறு கடிகாரம் உண்டு. அதை அழகுக்கு வைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அதுதான் வண்டியின் நாடி!

சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். பாயிண்ட் சேரும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். பிரியும்போது நடுவுக்குத் திரும்பும். இப்படி முள் ஆடினால், பாயிண்ட் வரை மின்சாரம் வருகிறது என்று பொருள்.

முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் பாட்டரி, பியூஸ், வயர், பாயிண்ட் அழுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்தே கிடந்தால் பாயிண்ட் பிரியவில்லை, அல்லது எங்கோ வயர் உரசுகிறது.

இதற்கு ஒரு காசு செலவில்லை.

பிளக்கும் பாயிண்டும்

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். பல தடவை உதைத்த பிறகும் காய்ந்திருந்தால், குறை பெட்ரோல் வரும் வழியில் இருக்கலாம். முனைகளின் இடைவெளி சுமார் அரை மில்லி மீட்டர் இருக்க வேண்டும்.

பாயிண்ட் விரியும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லி மீட்டர். நாளாக ஆக அதன் குதிகால் தேயும். இடைவெளி சுருங்கும். பொறி பிந்தும். பாயிண்ட் முனைகள் அடிக்கடி கருகினால் கண்டென்சர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! பொறி பறக்கிறதா என்று சோதிக்கும்போது, பெட்ரோல் குழாயை மூட வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து உலர விட வேண்டும். பிளக்கின் உடல் எஞ்சினைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால், பிளக் துவாரத்துக்கு அருகே இருக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். நீலப் பொறி "சடக்" என்று பாய்ந்தால் நல்லது. மங்கிச் சிவந்தால் பலம் போதாது.

மெக்கானிக் முன் நல்ல பிள்ளை

சில வண்டிகள் காலையில் ஒரே உதையில் கிளம்பும். சில மைல் போனதும் நடுரோட்டில் நின்று விடும். அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தால், சமர்த்தாகக் கிளம்பும்!

இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சூடு! காயிலோ கண்டென்சரோ சூட்டில் பலம் இழக்கிறது, ஆறினால் பிழைக்கிறது. ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே பொறியைச் சோதிக்க வேண்டும்.

அதற்கு முன் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பார்ப்பதும் நல்லது. மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது. வண்டி இதேபோல் நிற்கும். பாவம், காயில் மேல் பழி விழும்!

யார் பொறுப்பு?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. "எதையாவது மாற்றி உடனே ஓட வை" என்று அவசரப்படுத்துகிறவர் வண்டிக்காரர்தான். நான்கு பாகங்களை ஒன்றாக மாற்றினால், குறை எதில் இருந்தது என்று மெக்கானிக்குக் கூடத் தெரியாது. மறுபடியும் நின்றால் மறுபடியும் செலவு.

ஒரு சமயத்தில் ஒரு பாகம். மாற்றும் முன் சோதனை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. இந்த மூன்றும் வழக்கமானால் பாதி வழக்கு தீரும்.

பின்னால் வந்த வண்டிகளில் பாயிண்ட் இல்லை. எல்லாம் மின்னணு மயம். பாயிண்டைத் தொட்டுப் பழகிய கைகள் குறைந்து வருகின்றன. தெரிந்த பெரியவர் இருக்கும்போதே, வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளும்தான்! இருட்டிய சாலையில் வண்டி நின்றால், கைகொடுப்பது அந்த அறிவுதான்.

கோவிலுக்குக் கிளம்பிய அந்தக் கணவர் இனி உதைக்க வேண்டாம். காலை எடுத்து விட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்க்கட்டும். அப்பாவின் வண்டிக்கு வேண்டியது ஒரு சின்ன பாயிண்டாக இருக்கலாம். அதற்காக வண்டியையே விற்பதா?