அழகுக்கல்ல, அன்னத்துக்கு!

வாயிலே புற்று. வெட்டி எடுத்தாயிற்று, உயிர் தப்பிற்று. பிறகு? தாடையில் பாதி இல்லை, கன்னத்திலே ஓட்டை. குடித்த கஞ்சி வழிகிறது. பேசும் பேச்சு பெற்ற பிள்ளைக்கே புரியவில்லை. ‘பிழைத்தார்’ என்று ஏட்டில் எழுதிவிட்டால் கடமை தீர்ந்ததா என்று கேட்கிறோம்.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் புதிதாக வாய்ப்புற்று கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர். புகையிலையும் பாக்கும் தந்த பரிசு இது. களைப்பை மறக்க அதை மென்ற உழைப்பாளிதான் பெரும்பாலும் பலியாகிறான்.

வெட்டிய இடத்தை அடைக்க வழி உண்டு. உடலின் வேறோர் இடத்துச் சதையை, அதற்கு உயிரூட்டும் இரத்தக் குழாயுடனே கொண்டுவந்து தைப்பது. ‘ஃபிளாப்’ என்பார்கள் மருத்துவர்கள். சதை மடல் என்போம் நாம்.

மேல்நாட்டார் தந்த புதுமையா இது? அல்ல! 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய கவாஸ்ஜி என்பவர், சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பூனா அருகே ஒருவர் நெற்றித் தோலை மடக்கி அவருக்கு மூக்கமைத்தார். அமைத்தவர் பட்டம் பெற்ற பண்டிதரல்லர். செங்கல் செய்யும் குலத்தவர். 1794இல் லண்டன் ஏடொன்று இச்செய்தியை வெளியிட்டது. 1814இல் கார்ப்யூ அங்கே அம்முறையைச் செய்து காட்டினார். நெற்றி மடல் இன்றும் மூக்கமைக்கப் பயன்படுகிறது.

“ஏழை நாட்டுக்கு இது கட்டுமா?” என்பாரும் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: மார்புத் தசையைக் கழுத்துத் தோலுக்கடியில் வாய்வரை கொண்டுவரும் முறையை 1979இல் அரியான் வெளியிட்டார். அதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற கை போதும். அது மாவட்டத் தலைமை மருத்துவமனைவரை வரக்கூடாதா?

எலும்பே போய்விட்டால் மார்புத் தசை மட்டும் போதாது. காலின் மெல்லெலும்பைத் தாடையாக வடிவமைக்கும் முறையை 1989இல் ஹிடால்கோ காட்டினார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் வேலை அது. பிறகும் மணிக்கொரு முறை மடலின் நிறம் பார்க்கவேண்டும். இரத்தம் உறைந்தால் உடனே மீண்டும் திறக்கவேண்டும். ஆகவே நுண்ணோக்கியை வாங்கிப் பூட்டி வைத்தால் பயனில்லை! இரவும் பகலும் மருத்துவர், செவிலியர், மயக்க மருந்து வல்லுநர் வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்தோறும் வேண்டும்.

காலமும் காத்திராது. கதிர்வீச்சு தேவைப்பட்டால், அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் அதைத் தொடங்குவது நல்லது. ஆறாத புண்ணோடு கிடப்பவர் அந்தக் கெடுவைத் தவறவிடுவார். மீண்டும் புற்று தலைதூக்கும் ஆபத்து வளரும். ஆக, மடல் உயிர்காக்கும் சிகிச்சையின் ஓர் அங்கம், ஒப்பனை அல்ல.

வெட்டுவது பாதி வைத்தியம், ஒட்டுவது மறுபாதி. பாதியை மட்டும் ஏழைக்குத் தந்து, முழுமையைப் பணமுள்ளவனுக்கு ஒதுக்கும் ஏற்பாட்டை நாம் ஒப்பமுடியாது. நோயாளி தன் கையால் சோறெடுத்து உண்ணும் நாளே, சிகிச்சை முடிந்தது என்று ஏட்டில் எழுதும் நாளாகட்டும்!