ஊரான் பெயரில் ஃபங்ஷன் எழுதுகிற புண்ணியவான்களுக்கு

1978ல் வந்த கெர்னிகன்-ரிட்சி சி புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் 'கெட்லைன்' என்று ஒரு ஃபங்ஷன் வரும். அதை அப்படியே தட்டி இன்றைய லினக்ஸில் கம்பைல் பண்ணிப் பாருங்கள். பெயர் மோதுகிறது என்று முகத்தில் அடிக்கும். புத்தகம் பாவம். 2008 போசிக்ஸ் தரத்தில் அதே பெயரில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

நாம் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவோம். எனக்குக் கோபம், போர்ட்டபிலிட்டி லைப்ரரி எழுதுகிற பெரியவர்கள் மேல். ஒரு சிஸ்டத்தில் 'ஸ்டர்எல்காப்பி' இல்லையா, அதே பெயரில் சொந்தமாக ஒன்றை எழுதி உள்ளே வைத்துவிடுகிறார்கள். இது 1998ல் ஓபன்பிஎஸ்டியில் பிறந்தது. ஜிலிப்சிக்கு வந்தது 2023ல், 2.38 பதிப்பில். நடுவில் 25 வருஷம்! எத்தனை புரோகிராமுக்குள் எத்தனை நகல்கள்... இத்தனைக்கும் 'எஸ்டிஆர்' என்று தொடங்கி அடுத்து சின்ன எழுத்து வருகிற பெயர்களை 1989 சி தரமே தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

"இல்லாத இடத்தில் மட்டும்தானே சேர்க்கிறோம், கன்ஃபிகர் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். சரி ஐயா, உங்கள் லைப்ரரியும் இன்னொருவர் லைப்ரரியும் ஒரே புரோகிராமில் சேர்ந்தால்? லிங்கர் கத்தினால் அதிர்ஷ்டம். பல நேரம் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். இரண்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டால் பிழையை எங்கே போய்த் தேடுவது? நான் பி.காம். ஆள். லெட்ஜரில் ஒரே பெயரில் இரண்டு கணக்கு திறந்தால் ஆடிட்டர் பேனாவைத் தூக்கி எறிந்துவிடுவார்.

போஸ்ட்கிரெஸ்காரர்களைப் பாருங்கள். அவர்களுடையது 'பிஜி_எஸ்என்பிரிண்ட்எஃப்'. ஹெடரில் ஒரு #டிஃபைன், அவ்வளவுதான்.

நுலிப் 'ஆர்பிஎல்_' என்று முன்னொட்டு போடுகிறது. அதைக் கேலி செய்பவர்கள் காட்டுவது "ஆர்பிஎல்_மாலக் கிடைக்கவில்லை" என்ற புகழ்பெற்ற பிழையை. வேறு மெஷினுக்காகக் கம்பைல் செய்யும்போது ஆட்டோகான்ஃப் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் பெயரை மட்டும் மாற்றிவிடும். மாற்று ஃபங்ஷனை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எரிச்சல்தான். ஆனால் எங்கே ஓட்டை என்று பெயரே சொல்லிவிடுகிறதே!

என் புகார் வேறு. 'ஆர்பிஎல்_' எல்லோருக்கும் பொது. நுலிப்பை உள்ளே வைத்த இரண்டு லைப்ரரிகள் சேர்ந்தால் பழைய சண்டை புதுப் பெயரில் வரும். முன்னொட்டு உங்கள் ப்ராஜெக்ட்டின் பெயராகத்தான் இருக்க வேண்டும். #டிஃபைனிலும் ஒரு வில்லங்கம் உண்டு: 'ரீட்' என்பதை மாற்றினால், ஸ்ட்ரக்டுக்குள் அதே பெயரில் இருக்கும் அப்பாவி மெம்பரும் சேர்ந்து மாறும். அங்கெல்லாம் முழுப் பெயரையே கையால் தட்டுங்கள். நாலு எழுத்தில் விரல் தேய்ந்துவிடாது :-)