கோபுரத்தின் பலம் அதன் இணைப்பியில்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களின் நிலையும் இதுவே. தொலைபேசித் திரையில் அலைக்கோடுகள் நிறைந்திருக்க, பேச்சு மட்டும் இடைநடுவில் அறுந்துபோகும் அனுபவம் எவருக்கும் புதிதல்ல. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றை, கப்பல்துறை போன்ற கரையோர ஊர்களின் நலன் கருதி இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கோபுர உச்சியிலுள்ள அன்டெனாவையும் அதற்கு அலைகளை வழங்கும் வானொலிக் கருவியையும் தடித்த வடங்கள் இணைக்கின்றன. அவ்வடங்களின் முனையிலுள்ள உலோகப் பூட்டே இணைப்பி எனப்படுகின்றது. கோபுரம் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டும். அது அனுப்பும் அலையுடன் ஒப்பிடுகையில், எமது தொலைபேசியிலிருந்து அதனை வந்தடையும் அலை பல கோடி மடங்கு பலவீனமானது. இணைப்பியில் கறளோ, தூசியோ, வடத்தை வெட்டும்போது எஞ்சிய உலோகத் துகளோ இருந்தால், வெவ்வேறு அலைவரிசைகள் அங்கே ஒன்றோடொன்று கலந்து புதிய அலைகளைப் பிறப்பிக்கின்றன. கோபுரம் கேட்கும் அலைவரிசையில் அவை விழுந்துவிட்டால், எமது மெல்லிய குரல் அவ்விரைச்சலில் மூழ்கிவிடுகின்றது. கோபுரத்தின் அலை எம்மை வந்தடைவதால் கோடுகள் குறைவதில்லை. எமது அலையே அங்கு சென்று சேர்வதில்லை.

இலங்கையில் 1995இல் ஜி.எஸ்.எம். சேவை ஆரம்பமானது. 2006இல் மூன்றாம் தலைமுறையும் 2013இல் நான்காம் தலைமுறையும் வந்தன. ஒவ்வொரு தலைமுறையும் புதிய அலைவரிசைகளைக் கொண்டுவந்தது. இரண்டொரு வடங்களுடன் நின்ற அன்டெனாவில் இன்று பத்துக்கும் மேற்பட்ட இணைப்பு வாய்கள் அமைகின்றன. நீண்ட காலம் கோலோச்சிய 7-16 எனும் இணைப்பிக்கு அங்கே இடம் போதவில்லை. எனவே ஜேர்மன், சுவிஸ் உற்பத்தியாளர்கள் 4.3-10 எனும் சிறிய இணைப்பியை உருவாக்கினர். உட்கடத்தியும் வெளிக்கடத்தியும் கொண்ட மில்லிமீற்றர் அளவுகளே இப்பெயர்களாகும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு அதனை நியமமாக ஏற்றுள்ளது. முன்னையதை இறுக்க 25 நியூட்டன் மீற்றருக்குக் குறையாத முறுக்குவிசை தேவை. புதியதற்கு 5 போதும். கையால் திருகிப் பூட்டும் வகையும் உண்டு. இறுக்கும் விசையில் நேரும் சிறு தவறு அலையைப் பாதிக்காதவாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஆனால் சிறந்த பொருள் மாத்திரம் சிறந்த சேவையைத் தந்துவிடாது. உப்புக் காற்றும் வடகீழ்ப் பருவமழையும் ஆண்டுதோறும் மோதும் கரையில், நீர்காப்பு உறை சரியாக இடப்படாத இணைப்பி விரைவில் பழுதடையும். விலை குறைந்த பொருளில் உலோகப் பூச்சு மெலிதாயிருப்பின் ஆபத்து இரட்டிப்பாகும். அதனைக் கண்டறிய ஒருவர் கோபுரம் ஏறி, உரிய கருவியால் அளந்து பார்க்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது தொடர்பாடலும் நிலைகுலைந்தது. மின்தடையும் ஒளியிழை வடங்களின் அறுப்புமே அதற்குப் பிரதான காரணங்களாகும். பழியை இணைப்பி மீது சுமத்துவது நியாயமன்று. எனினும் மின்சாரம் மீண்டதும் எல்லாம் சீராகிவிட்டதெனக் கருதுவது தவறு. புயல் மழையில் இணைப்பிக்குள் கசிந்த நீர் மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். கோபுரம் நிமிர்ந்து நிற்பதால் அக்குறை எவர் கண்ணிலும் படுவதில்லை.

மூதூர், கிண்ணியா கடற்றொழிலாளருக்கும் தம்பலகாமத்து விவசாயிக்கும் தொலைபேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. வானிலை எச்சரிக்கையும், மத்திய கிழக்கில் உழைக்கும் மகனின் குரலும், வங்கியின் தகவலும் அதன் வழியாகவே வருகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இக்கரையில் அலை அறுந்தால் இரு சாராருக்கும் இழப்பு ஒன்றேயாகும்.

ஆகவே, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கரையோரக் கோபுரங்களுக்கெனத் தனியான பராமரிப்பு நியமத்தை விதிக்கவேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் இணைப்பிகள் அளந்து சோதிக்கப்பட்டு, முடிவுகள் ஊர்வாரியாகப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். திருகோணமலையின் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் இத்துறைப் பயிற்சி தமிழ்மொழியிலும் வழங்கப்படுமாயின், உள்ளூர் இளைஞர்களே இப்பணியை ஏற்க இயலும். பழுது நேர்ந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் நிலையும் நீங்கும்.

ஐந்தாம் தலைமுறை பற்றிய பேச்சு எங்கும் ஒலிக்கின்றது. அதன் அன்டெனாக்களில் வானொலிக் கருவியும் உள்ளடங்கியிருப்பதால், பல இணைப்பிகள் பெட்டிக்குள்ளேயே மறைந்துவிடும். அங்கு பழுது நேர்ந்தால் பெரும்பாலும் முழுப்பெட்டியையே மாற்ற நேரிடும். புதியதை வரவேற்போம். அதற்குமுன், இருக்கும் கோபுரங்களின் கறளைத் துடைப்பதே உரியோரின் முதற்கடமையாகும்.