கொழுப்பின்மேல் ஏன் இந்தக் கோபம்?

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில், தென்காசிக்கு அருகேயுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பூக்களைப் படம் எடுக்கப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஆனால் உழவர் அதைப் பயிரிடுவது பூவுக்காக அல்ல, விதையிலுள்ள எண்ணெய்க்காக. அந்த எண்ணெய் நம் உடலுக்குள் சென்றபின் என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா, மாணவ நண்பர்களே?

"கொழுப்பு கெட்டது" என்பார் ஒருவர். "எங்கள் எண்ணெய் இதயத்துக்கு நல்லது" என்கிறது விளம்பரம். இரண்டுமே அரைகுறைப் பேச்சு என்பது என் கருத்து. எந்தக் கொழுப்பு, எவ்வளவு, உடலில் எந்த இடத்தில் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வது அறிவியல் ஆகாது.

முதலில் இரத்தத்தைப் பாருங்கள். கொழுப்பு நீரில் கரையாது அல்லவா? ஆகவே உடலின் சேமிப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களை ஆல்புமின் என்னும் புரதம் சுமந்து செல்கிறது. ஓயாது துடிக்கும் இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்தே பெறுகிறது. ஆனால் இதே அமிலங்கள் இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருந்தால், தசையும் கல்லீரலும் இன்சுலினின் கட்டளையைச் சரிவரக் கேட்பதில்லை. சர்க்கரை நோய்க்கு அது ஒரு வழி.

இனி நுரையீரல். அதன் காற்று நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை, நுண்ணறைகளைச் சுருங்கி ஒட்டச் செய்துவிடும். அதைத் தடுப்பது ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். அதன் முக்கியப் பொருளில் இருப்பது பால்மிடிக் அமிலம். பலரும் ஏசும் பாமாயிலில் மிகுந்துள்ள அதே அமிலம்! (இதற்காகப் பாமாயிலைத் தேடி உண்ண வேண்டியதில்லை, உடலே அதை ஆக்கிக்கொள்ளும்.) குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இப்படலத்தின் பற்றாக்குறையே காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினர். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா குழுவினர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த இப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திப் பலன் கண்டனர்.

மறுபக்கமும் உண்டு. கடலை எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் நல்ல உணவு. அதையே ஆய்வு விலங்கின் சிரையில் நேராகச் செலுத்தினால், நுரையீரல் புண்பட்டு நீர் கோத்துக்கொள்ளும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலத்தை உடலால் ஆக்க முடியாது. உண்டே பெற வேண்டும். அதிலிருந்து பிறக்கும் அராகிடோனிக் அமிலமே, ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்களை இறுக்கும் லூக்கோடிரையீன்களுக்கு மூலப்பொருள். இதைக் கேட்டுச் சூரியகாந்தி எண்ணெயைக் கண்டு அஞ்ச வேண்டாம். உடல் இந்த மாற்றத்தைக் கட்டுக்குள்தான் வைத்திருக்கிறது. ஆனால் மத்தி மீனில் கிடைக்கும் ஒமேகா-3 அமிலங்கள் இந்த எண்ணெயில் அனேகமாக இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே எண்ணெய் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றாது. அளவாகவும் மாற்றி மாற்றியும் பயன்படுத்துவதே அறிவுடைமை. இன்று உங்கள் வீட்டு எண்ணெய் உறையை எடுங்கள். முன்புறத்து விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படியுங்கள். நிறைவுற்றது எவ்வளவு, நிறைவுறாதது எவ்வளவு என்று அங்கே இருக்கும். வீட்டில் அதை விளக்கிச் சொல்ல, இனி உங்களால் முடியும்.