ஓட்ஸ் பிஸ்கட் மருந்து இல்லீங்க!

இன்னிக்கு கொஞ்சம் சண்டை போடுற மூடு. சண்டை ஓட்ஸோட இல்ல, ஓட்ஸ் பிஸ்கட்டோட.

எங்க குருசுக்குப்பத்துல பல வீட்டு அடுக்களையில ஒரு அரை பாக்கெட் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் ரப்பர் பேண்ட் போட்டு உக்காந்திருக்கும். டாக்டர் சொன்னாருன்னோ, டிவியில பார்த்தோ, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னோ வாங்கினது. ரெண்டு வாரம் கஞ்சி காய்ச்சிக் குடிப்பாங்க. மூணாவது வாரம் "பசை மாதிரி இருக்கு"ன்னு மேல் தட்டுக்கு ஏத்திடுவாங்க. அப்புறம் யாராவது ஒரு வீடியோவைப் பார்த்துட்டு, "வீணாக்காம பிஸ்கட் சுட்டுடலாம், உடம்புக்கும் நல்லது"ன்னு ஆரம்பிப்பாங்க.

மிச்சத்தை பிஸ்கட் ஆக்குறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. "உடம்புக்கும் நல்லது"ங்கிற அந்த ரெண்டாவது பாதிதான் பொய்.

பி.காம். படிக்கிற பிள்ளை, கணக்கு போடாம விடுவேனா? வீட்ல வழக்கமா செய்ற அளவையே எடுத்துக்குவோம். ஓட்ஸ் 100 கிராம், மைதா 100, வெண்ணெய் 100, சர்க்கரை 100. இதுல 20 பிஸ்கட் வரும். அதாவது ஒரு பிஸ்கட்ல ஓட்ஸ் 5 கிராம், சர்க்கரையும் 5 கிராம், வெண்ணெயும் 5 கிராம்.

ஓட்ஸுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது அதுல இருக்கிற பீட்டா குளூக்கன்ங்கிற கரையும் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் அது உள்ளே போனா கொலஸ்ட்ரால் குறைய உதவும். 1997-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை பாக்கெட் மேல போட்டுக்க அனுமதி கொடுத்துச்சு. ஆனா ஒரு நிபந்தனையோட: நிறைவுற்ற கொழுப்பு குறைவான சாப்பாட்டோட சேர்த்து சாப்பிட்டாத்தான். வெண்ணெய்ல இருக்கிறது பெரும்பாலும் எந்தக் கொழுப்பு? அதே நிறைவுற்ற கொழுப்புதான்!

அந்த 3 கிராம் கிடைக்க சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேணும். நம்ம கணக்குப்படி 15 பிஸ்கட். கூடவே 75 கிராம் சர்க்கரை, 75 கிராம் வெண்ணெய். சேர்க்கிற சர்க்கரை நாளைக்கு சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லிடுச்சு. மருந்து ஒரு பங்கு, நோய் மூணு பங்கு. நல்ல வியாபாரம்!

"விளையாட்டுக்கு சொல்றே"ன்னு நினைக்காதீங்க. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு. புதுச்சேரியில பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்து நாமதான். மொத்த இந்தியாவுக்கு 11.4 சதவீதம். நாலு பேர்ல ஒருத்தருக்கு சர்க்கரை இருக்கிற ஊர்ல, எங்க அத்தைக்கு மாத்திரை டப்பா பக்கத்துல ஓட்ஸ் பிஸ்கட் டப்பாவையும் வைக்கிறாங்க. "இது சுகர்காரங்க சாப்பிடலாம்"னு உபசாரம் வேற. சாதா பிஸ்கட்னா அத்தை ரெண்டோட நிறுத்துவாங்க. இது நல்லதாச்சே, ஆறு போகும். எனக்குக் கோபமே அங்கதான்.

"சும்மா மைதா பிஸ்கட்டுக்கு இது தேவலையே?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் தேவலைதான். ஆனா இன்ஸ்டன்ட் ஓட்ஸ்ங்கிறது ஏற்கெனவே ஆவியில வேகவச்சு, மெல்லிசா நசுக்கினது. சீக்கிரம் செரிச்சு, முழு ஓட்ஸைவிட வேகமா ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும். அதோட கூட வர்ற சர்க்கரைக்கு, தான் ஓட்ஸ் பிஸ்கட்ல இருக்கோம்னு தெரியாது.

"காசு கொடுத்து வாங்கினதை குப்பையில போடவா?" இதுக்குத்தான் எங்க பாடத்துல பதில் இருக்கு. போன காசு போனதுதான். சரக்கிருப்பை மதிப்பிடும்போது அடக்க விலை, சந்தை விலை ரெண்டுல எது குறைவோ அதைத்தான் எழுதணும். யாரும் தொடாத அரை பாக்கெட்டோட மதிப்பு உங்களுக்கே தெரியும். அதைக் காப்பாத்த அதைவிட விலை கூடின வெண்ணெய், மைதா, சர்க்கரை, கேஸ் எல்லாம் செலவு பண்றது சிக்கனமா?

அப்ப என்னதான் பண்றது? முதல்ல மோந்து பாருங்க. மத்த தானியங்களைவிட ஓட்ஸ்ல எண்ணெய்ச் சத்து அதிகம். கடற்கரை ஈரத்துல சிக்கு வாடை வந்து கசக்க ஆரம்பிச்சிருந்தா யோசிக்காம கொட்டுங்க. நல்லா இருந்தா மிக்ஸியில பொடிச்சு அடை மாவுலயோ தோசை மாவுலயோ கலந்துடுங்க. சர்க்கரையும் வேணாம், வெண்ணெயும் வேணாம். ரொட்டி சுடுறவங்க மாவுல கால் பங்கு வரைக்கும் போடலாம். ஓட்ஸ்ல குளூட்டன் இல்ல, அதனால அதுக்கு மேல போனா ரொட்டி உப்பாம செங்கல் ஆயிடும். தண்ணியும் கொஞ்சம் கூட இழுக்கும், பார்த்து ஊத்துங்க.

பிஸ்கட்தான் வேணுமா? தாராளமா சுடுங்க, ஆனா பிஸ்கட்னே சொல்லிக் கொடுங்க. நம்ம ஊர்ல கிறிஸ்துமஸுக்கு ரவையும் வெண்ணெயும் ரம்மில ஊறின திராட்சையும் போட்டு விவிக்கம் செய்றாங்க. யாராவது அதை டயட்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பண்டிகைப் பலகாரம்னு தெரிஞ்சு ஒரு துண்டு சாப்பிடுறோம். அந்த நேர்மை போதும்.

இன்னொண்ணு. ஓட்ஸை விட்டுட்டு கேழ்வரகு பிஸ்கட்டுக்குத் தாவாதீங்க. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதும் அதுக்கும் இதே வேஷம் போட ஆரம்பிச்சாச்சு. தானியம் எதுவானாலும் கூட போற சர்க்கரையை எடை போட்டுப் பாருங்க. அடுத்த தடவை கடையில "இலவசம்"னு அட்டை தொங்கினா, வீட்டு மேல் தட்டுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு அப்புறமா வாங்குங்க.