பழைய வீடும் ஒரு திருப்புளியும்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் நம்மூரில் முதலில் வக்கீலைப் பார்க்கிறார்கள், அடுத்து வாஸ்துக்காரரை. கட்டடத்தைப் பார்க்க வேண்டிய பொறியாளரின் முறை பெரும்பாலும் வருவதே இல்லை. வங்கிக் கடன் வாங்குவதென்றால் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து அளந்து, நாலு புகைப்படம் எடுத்துச் செல்வார். அவர் சொல்வது வீட்டின் விலையைத்தான். அது எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது அவருடைய கவலையல்ல.

மயிலாப்பூரில் இன்னும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக, நிற்கவைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் உத்திரத்தின் நடுப்பகுதி நூறு வருடமானாலும் கம்பீரமாகத்தான் இருக்கும். நோய் தொடங்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். கைப்பிடிச் சுவரின் அடியிலிருந்து மழைநீர் கசிந்து இறங்குவதும் அங்கேதான், சுவர் வழியே கரையான் வந்து சேர்வதும் அங்கேதான். எனவே தளத்தைப் பரிசோதிப்பதென்றால், ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு உத்திரத்தின் முனையையும் தட்டிப் பார்ப்பதும் திருப்புளியால் குத்திப் பார்ப்பதும்தான். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அரிக்கப்பட்டது பொத்தென்று ஒலிக்கும். ஒரு நாள் வேலை. ஈசானிய மூலையைத் திசைகாட்டி வைத்து அளக்கிறவர், அந்த மூலையின் உத்திரத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அடுத்தது ஈரம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி, தானே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று எமல்ஷனும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூக்கும், பூச்சு உப்பி உதிரும். இந்தக் காரியத்துக்குப் புதுப்பித்தல் என்று பெயரிட்டுக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள். விற்பனைக்குச் சற்று முன்பு வர்ணம் அடிக்கப்பட்ட வீட்டை, அதிலும் ஒரு சுவரில் மட்டும் அடித்திருந்தால், சந்தேகத்தோடு அணுகுவதே நல்லது.

கான்கிரீட் வீடென்றால் நிம்மதி என்பதும் சரியல்ல. 1970களில், 80களில் கடற்கரையோரம் கட்டிய பல வீடுகளில் கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுவதைக் காணலாம். உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதற்கு எளிய சோதனை உண்டு. சிறிது பெயர்த்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிச்சமுள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால், கம்பிக்குப் பாதுகாப்புப் போய்விட்டது என்று பொருள்.

மரப்பட்டியில் ஓடும் பழைய மின்கம்பிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மாற்றத்தான் வேண்டும், செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். மண் பரிசோதனையும், மாடி எழுப்பும் எண்ணமில்லாதவரைக்கும், வெடிப்பில்லாமல் எண்பது வருடம் நின்ற வீட்டுக்கு வீண்செலவு என்பது என் கட்சி. சுவரில் மூலைவிட்டமாக ஓடி, மேலே போகப்போக அகலும் வெடிப்பு இருந்தால் மட்டும் கதை வேறு.

வக்கீல் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான ஆவணங்களைத்தான். பதியாத உயிலையும், பங்கு கேட்காமல் எங்கோ வாழும் மகளையும் அது காட்டாது. 2005ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் சமபங்கு தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. பூர்வீக வீடென்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும் கையெழுத்திடுகிறார்களா என்று கேட்பது அநாகரிகமல்ல.

இவை அனைத்தும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். கொடுத்தபின் கரையானைக் கண்டுபிடித்தால் விலை பேச இடமிருக்காது. உத்திரத்தைக் குத்திப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், உத்திரம் போய்விட்டதாகவே கணக்கிட்டு விலை சொல்லலாம். செலவே இல்லாத பரிசோதனையும் ஒன்றுண்டு: ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அடைமழை பெய்யும் நாளில் போய் வீட்டைப் பார்ப்பது. தரகர் அன்று வரமாட்டார். முதல் நாளே சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.