பழைய செலிக்காவும் கொட்டியாரக் குடாக் காற்றும்

திருகோணமலையில் பழைய டொயோட்டா செலிக்கா ஒன்றை நான் வாங்கியபோது நண்பர்கள் சிரித்தார்கள். இரண்டே கதவு, பின்னிருக்கையில் பெரியவர் ஒருவர் காலை நீட்டி அமர இயலாது. ஆசைதான் காரணம், மறுக்கவில்லை.

ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்கு அஞ்சிப் பலர் நன்றாக ஓடும் காரையே விற்றுவிடுவார்கள். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுபவர்கள். ஆகவே அவை இலங்கைக்குப் பொருந்தின. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய கார் சேமிப்புப் பணம்போல் ஆயிற்று. விலை ஏறியது, கறளும் ஏறியது.

என் காரைக் கராஜில் உயர்த்திப் பார்த்தபோது, பளபளப்பான வர்ணத்தின் கீழே உப்புக் காற்று அடித்தளத்தைத் தின்றிருந்தது. பிரேக் குழாயைத் தொட்டதும் துகள் உதிர்ந்து எண்ணெய் கசிந்தது. முதல்நாள்தான் அதில் பேரப்பிள்ளையை ஏற்றிச் சென்றிருந்தேன்.

ஆண்டுதோறும் நாம் செய்யும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளக்கிறது. பழைய கார் கைமாறும்போது அடித்தளத்துக்கும் பிரேக்குக்கும் சான்றிதழ் கட்டாயமாக வேண்டும். அதுவரை, வாங்குபவர்களே, வர்ணத்தைப் பார்க்குமுன் குனிந்து பாருங்கள்.